ஆற்றின் தென்கரை வரை

கரைத்தீவு என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தே தமிழ் பயில்வோர் மனம் கிழக்கு நோக்கிச் செல்வது இயல்பே. விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் காரைதீவு. வடக்கிலும் ஒரு காரைதீவு இருந்தது. அது இன்று காரைநகர் எனப்படுகின்றது. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஊர் ஒன்று, எழுத்தில் ஒரு கால் குறைந்து ஓர் ஒற்று மிகுந்து, புத்தளம் மாவட்டத்தின் வடமேற்குக் கரையோரத்தில் உண்டு. புத்தளம் நகரிலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக இலவன்குளத்திற்குச் செல்லும் பாதையில், களப்பை அண்டி அமைந்த சிறிய ஊர் அது. அந்தப் பாதை முன்னர் மன்னார் வரை சென்றது. அதனால் அதனை இன்றும் முதியோர் மன்னார்ப் பாதை என்றே கூறுவர்.

2022ஆம் ஆண்டு யூலை மாதத் தொடக்கத்தில் கலைப்பீட மாணவர் இருவர் துவிச்சக்கர வண்டிகளில் இந்தக் கரைத்தீவுக்கூடாக வடக்கு நோக்கிச் சென்றனர். அவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். ஒருவனுக்கு வீடு செல்ல வழி வேண்டியிருந்தது. மற்றவன் வழிகாட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தான். தான் ஒருநாளும் போயிராத வழியை.

அவ்வாண்டின் நடுப்பகுதியை இந்நாட்டில் மறந்தவர் எவரும் இரார். பெற்றோலும் டீசலும் இல்லாது எரிபொருள் நிலையங்களின் முன் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையிட்டு நின்றன. யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவர்க்கும் எரிபொருள் வழங்கப்படமாட்டாதென அரசாங்கம் அறிவித்தது. பல்கலைக்கழகங்களில் விரிவுரைகள் கணினித் திரைக்கு மாறின. விடுதிகள் வெறுமையாயின. அந்நாட்களிலேதான் பேராதனையில் எஞ்சியிருந்த சில மாணவர்க்குத் துவிச்சக்கர வண்டியில் ஓர் ஆசை பிறந்தது. பல்கலைக்கழகத்தினூடே செல்லும் கலஹா வீதி ஹிந்தகலையைத் தாண்டி மலையேறுவது யாவரும் அறிந்ததே. வழமையான நாட்களில் அவ்வீதியின் வளைவுகளிற் பஸ் வண்டிகளின் ஒலிப்பானுக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கவேண்டும். அந்த யூன் மாதத்திலோ வீதி முழுவதும் மிதிப்பவனுடையதாயிற்று. மேலே ஏறுந்தோறும் மூச்சு வாங்கும். இறங்கும்போது காற்றுக் காதில் இரையும். வளைவுக்கப்பால் என்ன வருமோ என்னும் அச்சம் இல்லை. தேயிலைச் சரிவுகளிலே மூடுபனி இறங்குவதை, நின்று பார்க்கும் அவகாசத்துடன் அவர்கள் முதன்முறையாகப் பார்த்தனர்.

ஆயினும் அதே வீதியில், பஸ் இல்லாத காரணத்தால் நடந்து இறங்கிய தோட்டத்துப் பெண்களையும், பாடசாலைப் பையைத் தலையிற் சுமந்த சிறுவர்களையும் அவர்கள் கடந்துசென்றனர். ஒரு மூதாட்டி, வைத்தியசாலைக்குச் செல்பவள் போலும், கல்லொன்றில் அமர்ந்திருந்தாள். வண்டியை நிறுத்தி, பின் கரியரில் ஏறிக்கொள்ளுமாறு கேட்டபோது அவள் சிரித்தாளேயன்றி ஏறவில்லை. வாகனமற்ற வீதியின் இன்பம் யாருடைய செலவிற் கிடைக்கின்றது என்னும் கேள்வி அன்று எழுந்ததாகச் சொல்வது மிகையாகும். அன்று அவர்கள் மகிழ்ச்சியாகவே இறங்கி வந்தனர். கேள்வி எழுந்தது பின்னர்.

விடுதியில் அவ்விருவரையும் ஊர்ப்பெயராலேயே அழைத்தனர். ஒருவன் கரவெட்டியான்; மற்றவன் புத்தளத்தான். பெயரிட்ட நண்பர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று இரண்டாமவனிடம் இருந்தது. விடுதியிற் புத்தளத்தானாக இருந்தவன், புத்தளத்திலே புத்தளத்தானாக இருந்தவனல்லன். அங்கே அவனுடைய குடும்பத்தை மன்னாரார் என்பர். பகை மூண்ட வேளைகளில் அகதி என்பர். பாலாவிக்கு அண்மையில், முதலிற் கிடுகுக் கொட்டிலாகவும் பின்னர் சீமெந்துக் கல் வீடாகவும் மாறிய குடியிருப்பொன்றில் அவன் பிறந்தான். அவன் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வெளியேறியோர் 70,000 பேருக்கு மேற்பட்டோர். மன்னார் மாவட்டத்து மக்களுட் பெருந்தொகையினர் கடல் வழியே கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். முசலிப் பகுதிக் கிராமமொன்றிலிருந்து வந்த அவனுடைய பாட்டனாரும் அவர்களுள் ஒருவர்.

எரிபொருட் தட்டுப்பாடு உச்சமடைந்தபோது கரவெட்டியான் ஊர் செல்ல வழியின்றி நின்றான். யாழ்ப்பாண பஸ் எப்போது புறப்படும் என்பது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. புத்தளத்தான் அவனைத் தன்னோடு அழைத்துச் சென்றான். கண்டியிலிருந்து குருநாகல் வரை ஒரு பஸ். குருநாகலிலே ஐந்து மணி நேரம் காத்திருப்பு. பின்னர் நின்றுகொண்டே புத்தளம். வீட்டையடைந்த இரவில் கரவெட்டியானுக்கு முதலில் ஒரு மயக்கம் நேர்ந்தது. நண்பன் “அப்பா” என்று அழைத்தது எண்பது வயது கடந்த முதியவரை. அங்கு தந்தை வாப்பா, பாட்டனாரே அப்பா. இதனை அறியாத விருந்தினன், நண்பனின் தந்தைக்கு இத்துணை வயதோ என வியந்துகொண்டே சோறுண்டான்.

முதியவர் விருந்தினனிடம் ஊரைக் கேட்டார். கரவெட்டி என்றதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “பஸ் இல்லாட்டி என்ன மகன், சைக்கிள் இருக்கே. இஞ்சயிருந்து மன்னார் ஒரு நாள் ஓட்டம்” என்றார்.

அவர் வீண் பெருமை பேசவில்லை. இளமையிற் புடைவை வியாபாரம் செய்தவர். புத்தளத்துக் கடைகளிற் புடைவைக் கட்டுகளை வாங்கி, றலி வண்டியின் கரியரிற் கட்டி, இலவன்குளம், பொம்பரிப்பு, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை என ஊருக்கு ஊர் விற்றுக்கொண்டு செல்வார். திரும்பும்போது அதே கரியரிற் கருவாடு வரும். புடைவையும் கருவாடும் ஒரே கரியரிற் போவதால் எத்துணை சண்டை வந்திருக்கும் என அவருடைய மனைவி இடையே கூறினார். காட்டுக்குள்ளே யானை நின்றால் வண்டியைச் சாய்த்துவிட்டுக் காத்திருப்பதும், ஆற்றில் நீர் கூடினால் வண்டியைத் தோளில் ஏற்றிக் கடப்பதும், கரைத்தீவிலே ஒரு தேநீர்க்கடையில் இளைப்பாறுவதும் அவருக்கு நேற்று நிகழ்ந்தனபோல் இருந்தன. புத்தளத்திலிருந்து மன்னார் அந்தக் கரையோரப் பாதையில் நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரமே. அனுராதபுரம், மதவாச்சி எனச் சுற்றிச் சென்றால் அது இருநூறு கிலோமீற்றரை அண்மிக்கும். மன்னாரை அடைந்துவிட்டாற் பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் செல்லலாம். கரவெட்டியான் கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தான். கோடு நேராகவே இருந்தது.

தற்காலத்துப் பாதைகளிலே கோடு நேராக இருப்பதும் வழி திறந்திருப்பதும் ஒன்றல்ல என்பதை வீட்டிலிருந்த ஏனையோர் அறிவர். புத்தளத்தானின் தந்தை ஒருமுறை மறுத்தும் சொன்னார். ஆனால் முதியவர் உற்சாகத்தோடிருந்தார். அவருடைய முகத்தில் அத்தகைய உற்சாகத்தை நெடுநாட்களாகக் காணாதவர்கள் மேலும் மறுக்கவில்லை.

வண்டிகள் இரண்டு கிடைத்தன. ஒன்று வீட்டிலிருந்த பழைய லுமாலா. மற்றது அயலவரிடம் இரவல் பெற்றது. அந்நாட்களிற் புதிய துவிச்சக்கர வண்டி வாங்குவது மாணவர்க்கு இயலாத காரியம். விலை அவ்வாறு ஏறியிருந்தது. முதியவர் முற்றத்தில் அமர்ந்து தாமே சங்கிலிக்கு எண்ணெய் இட்டார். பிறேக் கட்டைகளை நெருக்கினார். ஒட்டுப்போடும் பசை, றப்பர்த் துண்டு, காற்றடிக்கும் பம் ஆகியவற்றைத் துணியிற் சுற்றிக் கட்டினார். சில்லைச் சுழலவிட்டு அதன் ஒலியைச் செவிமடுத்தார். யூலை 6ஆம் திகதி சுபஹுத் தொழுகைக்குப் பின் இருவரும் புறப்பட்டனர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாட்கள் இருந்தன.

நகரின் வடபுறம் உப்பளங்கள் வெளிறத் தொடங்கியிருந்தன. களப்பிற்கு அப்பால், நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி வானத்தில் நின்றது. சோளகக் காற்று முதுகுப்புறத்தே பலமாக வீசியமையால் மிதிக்கவேண்டிய தேவையே குறைந்தது. மணிக்கு எத்தனை கிலோமீற்றர் செல்கின்றோம் என்று கணக்கிட்டுக்கொண்டு போன கரவெட்டியான், மாலைக்குள் சிலாவத்துறையை அடைந்துவிடலாம் என்றான். திரும்பி வர நேர்ந்தால் இதே காற்று நெஞ்சில் மோதும் என்பது அவ்வேளை இருவர்க்கும் தோன்றவில்லை.

வண்ணாத்திவில்லுவை நெருங்கும்போது நிலத்தின் நிறம் மாறுகின்றது. செம்மண், அதன்மேல் மரமுந்திரிகைத் தோட்டங்கள், இடையிடையே மின்வேலி. வீதியில் யானை இலத்தி கிடந்தது. காய்ந்ததும் உண்டு, காயாததும் உண்டு. காயாததைக் கண்ட இடத்தில் இருவரும் பேச்சை நிறுத்திக் கொஞ்சம் விரைவாக மிதித்தனர். பாலை மரங்களின் பழக்காலம் முடிவடையும் தறுவாயில் இருந்தது. வீதியோரத்தே ஒரு சிறுவன் கோப்பையில் அளந்து பாலைப்பழம் விற்றான். அதன் பால் உதட்டிலே பிசின்போல் ஒட்டிக்கொள்ளும் என்பதை அறியாத வடமராட்சியான் இரண்டு கோப்பை தின்றுவிட்டு, வாயைத் திறக்கவும் மூடவும் சிரமப்பட்டான்.

வாகனம் என்று சொல்லத்தக்க எதுவும் வரவில்லை. அருவைக்காட்டுக்குச் செல்லும் லொறிகளும் அன்று ஓடவில்லை. சீமெந்துக்கான சுண்ணாம்புக்கல் நெடுங்காலமாக அகழப்படும் இடம் அருவைக்காடு. 2017இல் மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பலியான பின்னர், கொழும்பின் கழிவுகளைக் கொண்டுவந்து கொட்டும் திட்டம் இவ்விடத்தில் முன்னெடுக்கப்பட்டது. புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். தலைநகருக்கு வேண்டாதவை யாவும், அனல் மின் நிலையத்தின் சாம்பல் முதலாக, இம்மாவட்டத்தின் ஓரத்தை நாடி வருவது ஏனென்று புத்தளத்தான் வண்டியில் இருந்தபடியே ஒரு நீண்ட விரிவுரை நிகழ்த்தினான். காற்று அதிற் பாதியை அடித்துச் சென்றது.

வழியில் இளைப்பாறிய ஓரிடத்தில் கரவெட்டியான் வேறொரு செய்தி சொன்னான். மேனாடுகளில் வாகனங்களே செல்லாத பாதைகளைத் துவிச்சக்கர வண்டிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் தென்தீவில் ஒட்டாகோ என்னும் மலைப்பிரதேசம். அங்கே நட்டம் காரணமாக மூடப்பட்ட ரயில் பாதையின் தண்டவாளங்களை அகற்றி, மிடில்மார்ச் என்ற ஊரிலிருந்து கிளைட் வரை ஏறத்தாழ 150 கிலோமீற்றர் நீளத்திற்கு வழி அமைத்து 2000ஆம் ஆண்டிலே திறந்தனர். சுரங்கங்களும் பாலங்களும் அப்படியே உள்ளன. உலகெங்குமிருந்து மக்கள் சென்று மலைகளினூடே நாட்கணக்கில் மிதிக்கின்றனர். மூடப்பட்ட நிலையங்களையொட்டிய சிற்றூர்கள் அதனால் மீண்டும் பிழைத்தன. இங்கிலாந்தின் பிறிஸ்ரல், பாத் நகரங்களுக்கு இடையேயும் அவ்வாறே செய்துள்ளனர். இக்காணொளிகளை விடுதியில் இரவுகளில் விரும்பிப் பார்ப்பவன் அவன்.

“அந்த ரெயில் எப்ப நின்டது?” என்று புத்தளத்தான் கேட்டான்.

“1990இல் எண்டு நினைக்கிறன்.”

புத்தளத்தான் வண்டியை நிமிர்த்தினான். அந்த ஆண்டைப் பற்றி அவ்விடத்தில் அவர்கள் ஒன்றும் பேசவில்லை.

கரைத்தீவை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. தென்னைகள், உவர் படிந்த நிலம், ஒரு பள்ளிவாசல், மேற்கே களப்பின் ஒளி. முதியவர் கூறிய தேநீர்க்கடை எதுவென்று தெரியவில்லை. இருந்த ஒன்றில் அமர்ந்தனர். எரிவாயு இன்மையால் விறகடுப்பிலே தண்ணீர் கொதித்தது. கடைக்காரர் பிளேன்ரீயைத் தூக்கி ஆற்றியவாறே எங்கே போகின்றனர் என்று கேட்டார்.

“மன்னாருக்கு, நானா.”

“சைக்கிளிலயா? ஆத்துக்கு அங்கால விடமாட்டாங்களே, தம்பி.”

மன்னாருக்குப் பஸ் ஓடிய காலத்தை அவர் சிறுவனாக இருந்து கண்டவர். பஸ் வரும் நேரத்தை வைத்தே கடையில் வடை சுட்டார்களாம். பின்னர் பஸ் நின்றது. வடையும் நின்றது. வடக்கே இருந்து வந்தவர்களை 1990இல் இவ்வூரவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் சொன்னார். முதல் மாதங்களில் வீட்டுக்கு வீடு சமைத்துக் கொடுத்தனர். ஆண்டுகள் சென்றபின், ஒரே கிணறு, ஒரே பாடசாலை, ஒரே கூலிவேலை என்றானபோது முகம் சுளித்தவர்களும் உண்டு. அதை அவர் மறைக்கவில்லை. கரவெட்டியானின் பேச்சைக் கேட்டு, “தம்பி யாழ்ப்பாணமா?” என்றார். “ஓம்” என்றான். வேறெதுவும் கேட்காது, வண்டியின் முன்சில்லில் காற்றுக் குறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, உள்ளேயிருந்து தமது பம்மைக் கொண்டுவந்து கொடுத்தார். தேநீருக்குப் பணம் வாங்கிக்கொண்டார். இலவசமாகக் கொடுத்திருந்தால் அவர்கள் கூச்சப்பட்டிருப்பர்.

கரைத்தீவைக் கடந்தபின் காடு நெருங்கி வருகின்றது. வீரையும் பாலையும் முதிரையும் இருமருங்கும் நின்றன. ஈண்டு இந்தப் பாதையின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். கலா ஓயாவுக்கு வடக்கே உள்ளது வில்பத்து. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைத் தடாகங்களை வில்லு என்பர். அவற்றாற் பெயர்பெற்றது அக்காடு. 1905இல் அது சரணாலயமாயிற்று. 1938இல் தேசிய பூங்காவாயிற்று. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு. அதன் கடற்புறத்தை ஊடறுத்துச் சென்ற மன்னார்ப் பாதை, காடு பூங்காவாகுமுன்னரே மனிதர் நடந்த வழி. பொன்பரப்பி என்பதே பொம்பரிப்பு எனத் திரிந்தது என்பர். அவ்விடத்திலே அகழப்பட்ட ஈமத்தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடப்படுவதை வரலாறு பயிலும் மாணவர் அறிவர். அதற்கு அப்பால் கடலோரத்திற் குதிரைமலை நிற்கிறது. மலை என்னும் பெயரேயன்றி அது செம்மண் மேட்டுமுனையே. பிளினி என்னும் உரோம ஆசிரியர் குறிப்பிட்ட ஹிப்புரோஸ் துறை அதுவாகலாம் எனக் கருதும் அறிஞர் உளர். அல்லியரசாணி அங்கிருந்து ஆண்டாள் என்பது ஊரார் கதை. வடக்கே மறிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் முத்துக் குளிப்பு நடந்த காலங்களில் கடற்கரையிற் பெரும் நகரங்களே ஓலைக்குடிசைகளாக எழுந்து மறைந்தன.

இத்தகைய பாதை வெறுமையானது போரினால். 1985இல் வில்பத்து தாக்குதலுக்குள்ளாகி மூடப்பட்டது. 2003இல் திறக்கப்பட்டது. 2006இல் உள்ளே நிலக்கண்ணியிற் சிக்கி வாகனத்திற் சென்றோர் இறந்தபின் மறுபடியும் மூடப்பட்டது. 2010இல் மீண்டும் திறந்தனர். அப்போது பாதையைச் செப்பனிட்டு வாகனங்களை ஓடவிட முயன்றபோது, தேசிய பூங்காவை ஊடறுத்துப் பெருவீதி ஆகாதெனச் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. மறுபுறத்தே, மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களுக்கு மீள்குடியேறச் சென்ற மக்களின் காணிகளில் இருபது ஆண்டுக் காடு வளர்ந்திருந்தது. அதனை வெட்டியவர்கள் வில்பத்துவை அழிக்கின்றனர் எனப் பத்திரிகைகளிற் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2017இல் அப்பகுதியின் பெருநிலம் மாவில்லு என்னும் பெயரில் ஒதுக்கப்பட்ட காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. காட்டின் பக்கம் நியாயம் இல்லையென்று சொல்லவியலாது. மனிதர் வெளியேற்றப்பட்ட காலத்தைக் காட்டின் வயதாகக் கணக்கிடுவதுதான் நெருடுகின்றது.

இலவன்குளத்துக்கப்பால் ஆறு வந்தது. மருத மரங்களின் நிழலிற் கலா ஓயா மெலிந்து ஓடிற்று. மேற்கே சில கிலோமீற்றர் தூரத்தில், கங்கைவாடி அருகே, கண்டற் காடுகளினூடே அது களப்பில் விழுகின்றது. சப்பாத்துப் பாலம் நீருக்குமேல் வெளிறிக் கிடந்தது. அதன் அப்புறத்தே செம்மண் பாதை காட்டினுள் நுழைந்தது. நேராக, நிழலாக, ஒரு சில்லுத் தடமும் இன்றி. இதைவிட அழகான பாதையைக் கரவெட்டியான் எந்தக் காணொளியிலும் கண்டதில்லை என்றான்.

காவலர் ஒருவர் வந்தார். கண்டிப்பானவர் அல்லர். சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். தேசிய பூங்காவினுள் நடந்தோ சைக்கிளிலோ செல்ல எவர்க்கும் அனுமதியில்லை. வாகனத்தினுள் இருந்தே பார்க்கவேண்டும், இறங்கலாகாது. பள்ளக்கண்டல் அந்தோனியார் திருவிழாவுக்குச் செல்லும் யாத்திரிகர்க்கு மட்டும் சில நாட்களில் விலக்கு உண்டு. கரடியும் சிறுத்தையும் யானையும் உள்ள இடம். இவர்களுக்கு ஏதும் நேர்ந்தால் யார் பொறுப்பு? அவர் சொன்னதில் ஒன்றையும் மறுக்க முடியவில்லை. ஆனால் புகை கக்கும் ஜீப் வண்டிக்குத் திறக்கும் வாயில் ஓசையற்ற சைக்கிளுக்கு மூடியிருக்கும் விந்தையையும் விழுங்க முடியவில்லை. குடிப்பதற்கு நீர் தந்து, யானை இறங்குமுன் கரைத்தீவைக் கடந்துவிடுமாறு கூறிவிட்டு அவர் சென்றார்.

இருவரும் மருத நிழலில் அமர்ந்தனர்.

“சைக்கிளையாவது விடலாந்தானே” என்றான் கரவெட்டியான்.

“சைக்கிளை விட்டா மோட்டார்சைக்கிள் வரும். பிறகு பஸ். பிறகு லொறி. பிறகு யானை சாகும்.”

“அப்ப நீ விடக்கூடாது எண்டுறியா?”

“நான் அப்படிச் சொல்லல்ல. இந்த ரோட்டால போனா எங்கட ஊர் இருக்கு. நான் ஒருக்காவும் இந்த ரோட்டால போனதில்ல. அனுராதபுரத்தால சுத்தித்தான் ரெண்டு தரம் போயிருக்கன்.”

சற்று நேரத்தின்பின் கரவெட்டியான் கேட்டான்: “அப்பாவின்ர றலிக்கு என்ன நடந்தது?”

புத்தளத்தான் நீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். புறப்படும்படி கட்டளை வந்தபோது வாகனங்களைக் கொண்டுசெல்ல விடவில்லை. பாட்டனார் வண்டியை வீட்டின் பின்சுவரிற் சாய்த்து, ரயர்களின் காற்றைத் திறந்துவிட்டார். வெயிலில் நெடுநாள் நின்றால் ரியூப் வெடித்துவிடும் என்பதால். திரும்பி வர ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகலாமென்று கணக்கிட்டிருந்தார்.

கரவெட்டியான் நெடுநேரம் பேசவில்லை. அவனுடைய வீட்டிலும் சைக்கிளைப் பற்றிய கதைகள் நிறைய உண்டு. பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளிலே குடாநாடு முழுவதும் சைக்கிளில் இயங்கியதை, டைனமோவை மிதித்து மிதித்து வானொலிச் செய்தி கேட்டதை, கிளாலிக் கடலில் இரவிற் சைக்கிளோடு படகேறியதை அவன் தந்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அக்கதைகளை விடுதியிற் சொல்லிப் புத்தளத்தானையும் சிரிக்கவைத்திருக்கிறான்.

“எங்கட வீட்டில இதைப் பற்றி ஒருத்தரும் கதைச்சதில்லை. பள்ளிக்கூடத்திலயும் இல்லை. கம்பஸுக்கு வந்தபிறகுதான் நான் கேள்விப்பட்டன். நீ இதுவரைக்கும் ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்றான்.

“நீ கேக்கல்ல.”

இதன்பின் அங்கே பேச்சு வளரவில்லை. பிழை யாருடையது என்று அந்த மர நிழலில் முடிவுசெய்ய இரண்டு மாணவரால் ஆகுமா? புத்தளத்தான் கற்களைப் பொறுக்கி ஆற்றில் எறிந்தான். கரவெட்டியான் எழுந்து, காற்சட்டையை முழங்காலுக்குமேல் மடித்து, ஆற்றின் நடுவரை சென்று நின்றுவிட்டுத் திரும்பினான். காவலர் தூரத்திலிருந்து பார்த்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழி கொடியது. காலையில் தள்ளிவிட்ட சோளகம் இப்போது நெஞ்சிற் கைவைத்து மறித்தது. தலையைக் குனிந்து மிதித்தும் வண்டி நடைவேகத்தைத் தாண்டவில்லை. ஒருவன் முன்னே சென்று காற்றை வாங்க மற்றவன் அவன் முதுகை ஒட்டி மிதிப்பதும், களைத்தபின் இடம் மாறுவதுமாக வந்தனர். அருவைக்காட்டுச் சந்திக்கு அண்மையிற் பின்சில்லொன்றில் முள் ஏறியது. முதியவர் கட்டிக்கொடுத்த துணிமுடிச்சை அவிழ்த்து, குட்டையொன்றில் ரியூப்பை அமிழ்த்திக் குமிழி பார்த்து, ஒட்டுப்போட்டனர். அதில் ஒரு மணி நேரம் சென்றது. வண்ணாத்திவில்லுக்கு அப்பால் இருள் சூழ்ந்தது. வீதி விளக்குகளும் இல்லை, அந்நாட்களின் மின்வெட்டு. வாகனம் ஒன்று வந்து வெளிச்சம் தந்தாற் போதுமென்று இருவரும் ஏங்கினர். ஒன்றும் வரவில்லை.

வீட்டையடைந்தபோது முதியவர் வாயிலிற் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். போன காரியம் முடியவில்லை என்பதை முகங்களில் அறிந்துகொண்டார். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஆத்தில தண்ணி எவ்வளவு?”

“முழங்காலுக்குக் கீழ, அப்பா” என்றான் கரவெட்டியான். அச்சொல்லை அவன் அம்முறையில் வழங்கியது அதுவே முதன்முறை.

“இந்த மாசத்தில அப்படித்தான். பாலத்துக்கு மேற்கால ஒரு மணல்திட்டி இருக்கும். பாத்தீங்களா?”

அவர்கள் பார்த்திருக்கவில்லை. முதியவர் அது எங்கே இருக்குமென்று தரையிற் கைத்தடியாற் கோடிட்டுக் காட்டினார். பின்னர் எழுந்து, வண்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரிற் சாய்த்து, ரயர்களைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒட்டுப்போட்ட சில்லில் நெடுநேரம் விரல் வைத்திருந்தார். காற்று நிற்கின்றது என்றார். “மகன், பஸ் ஓடத் தொடங்கட்டும். பெருநாள் முடிஞ்சு போகலாம்” என்று கரவெட்டியானிடம் கூறிவிட்டு, சோறு போடும்படி உள்ளே குரல் கொடுத்தார்.